உதவிப் பணம் யார் கையெழுத்தில் போகிறது?

சூடானில் போர் நடக்கிறது. அங்குள்ள மக்களுக்காக ஜெர்மனி அரசு இரண்டு கோடி யூரோ ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்லினில் இருக்கும் அதிகாரிக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. உலக உணவுத் திட்டத்தையோ யுனிசெஃபையோ அழைத்து, 'இந்தப் பணம் கிழக்கு சூடானில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக்கு மட்டும்' என்று ஒப்பந்தம் போடலாம். தன் நாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, எங்கே என்ன செய்யப்போகிறது என்று திட்ட அறிக்கை வாங்கிக்கொள்ளலாம். போரால் சிதைந்த நாடுகளுக்குப் போகும் நிவாரணப் பணத்தில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு வழிகளில்தான் போகிறது.

மூன்றாவது வழி, 'சூடான் மனிதாபிமான நிதி' என்ற பொதுக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு விலகிக்கொள்வது. அதே கணக்கில் ஸ்வீடனும் நெதர்லாந்தும் அயர்லாந்தும் போட்டிருக்கும். போட்ட பிறகு யாருடைய யூரோ எது என்று பிரிக்க முடியாது. எந்த மாநிலத்துக்கு, எந்த வேலைக்கு, எந்த அமைப்புக்கு என்பதைப் பெர்லின் முடிவு செய்யாது. சூடானில் இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். இதைத்தான் கூட்டு நிதி என்கிறார்கள்.

நம் ஊர்க் கோயில்களிலும் இரண்டு விதமும் உண்டு. வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வாங்கி, எதை முதலில் செய்வது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்வது ஒரு விதம். டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சமே மறையும் அளவுக்கு அதன்மேல் 'உபயம்: இன்னார்' என்று எழுதிவைப்பது இன்னொரு விதம். உலக நிவாரணத்தில் உபயம்தான் அதிகம்.

கொடுக்கும் அரசுகளை இதற்காகத் திட்டுவதிலும் நியாயமில்லை. அவர்களுக்கு ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது. அங்கே ஒரு உறுப்பினர் எழுந்து, 'நம் வரிப்பணத்தில் எத்தனை கூடாரம் போட்டீர்கள்?' என்று கேட்பார். 'பொதுக் கணக்கில் போட்டோம், நாலு பேரோடு சேர்த்து ஏதோ நடந்தது' என்று அமைச்சர் பதில் சொல்ல முடியாது. மாவு மூட்டையில் தன் நாட்டுக் கொடி இருந்தால் பதில் எளிது. ஆனால் பதினைந்து நாடுகள் தனித்தனியே தமக்குப் பிடித்த வேலையைத் தேர்ந்தெடுத்தால், களத்தில் நிலைமை கோணலாகிவிடும். தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முகாமில் தார்ப்பாய் குவியும். கழிப்பறைக்குப் பணம் இருக்காது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி வரும். அதை ஏற்றிவரும் லாரிக்கு டீசல் போட யாரும் முன்வர மாட்டார்கள். டீசலை நிழற்படம் எடுத்துக் காட்ட முடியாதே.

டார்ஃபூரும் சுனாமியும்

கூட்டு நிதி என்ற ஏற்பாடு திடீரென்று முளைத்ததில்லை. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 46/182 என்ற தீர்மானம், உலக அளவில் 5 கோடி டாலர் சுழல்நிதி ஒன்றை அமைத்தது. அது கடன் மட்டுமே தந்தது. ஐ.நா. அமைப்புகள் எடுத்துச் செலவழித்துவிட்டு, நன்கொடை வந்ததும் திருப்பிப் போட வேண்டும். நன்கொடை வருமா என்றே தெரியாத நெருக்கடிக்குக் கடன் வாங்க யாருக்குத் துணிவு வரும்? ஆகவே, எங்கே தேவை அதிகமோ அங்கேதான் அந்த நிதி பயன்படாமல் கிடந்தது. நாட்டளவிலான முதல் கூட்டு நிதி 1997-இல் அங்கோலாவில், உள்நாட்டுப் போருக்கு நடுவே, சிறிய அளவில் தொடங்கியது.

பெரிய மாற்றம் வரக் காரணமாக இருந்தவை அடுத்தடுத்து நடந்த இரண்டு நிகழ்வுகள். 2003, 2004 ஆண்டுகளில் மேற்கு சூடானின் டார்ஃபூர் எரிந்தது. ஊர்கள் கொளுத்தப்பட்டு லட்சக்கணக்கானோர் முகாம்களுக்கு ஓடிவந்தார்கள். உதவி மிகத் தாமதமாகவே வந்தது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது நேர்மாறாக நடந்தது. உலகம் முழுவதிலிருந்தும் பணம் கொட்டியது. அதே மாதங்களில் கிழக்கு காங்கோவில் போரிலும் நோயிலும் மடிந்துகொண்டிருந்தவர்களை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை, பணமும் போகவில்லை. ஐ.நா.வின் அவசர நிவாரணத் தலைவராக அப்போது இருந்த நார்வேக்காரர் யான் எகலாந்து, மொத்த அமைப்பையும் மறுஆய்வு செய்யச் சொன்னார். பிரிட்டனின் அன்றைய சர்வதேச வளர்ச்சி அமைச்சர் ஹிலரி பென், கொடுப்பவர்கள் முன்கூட்டியே ஒரு பொது நிதியில் பணம் போட்டுவைக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

விளைவாக, பழைய சுழல்நிதி மாற்றியமைக்கப்பட்டு, 2006 மார்ச்சில் மத்திய அவசர உதவி நிதி என்ற பெயரில் மானியம் தரும் நிதியாயிற்று. களத்தில் இருப்பவர்கள் 'செர்ஃப்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். அதற்கு இரண்டு சாளரங்கள். ஒன்று, திடீர் நெருக்கடிக்கு உடனே பணம் தருவது. மற்றொன்று, எவரும் கண்டுகொள்ளாத பழைய நெருக்கடிகளுக்குத் தருவது. இரண்டாவது சாளரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். செய்தியில் வராத நாடுகளுக்கு உலகம் தன் மறதியைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. முதலில் ஆண்டுக்கு 45 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 2016-இல் அதை 100 கோடியாக்கினார்கள். அந்த இலக்கை அதன்பின் எட்டியதில்லை.

அதே 2006-இல் சூடானுக்கும் காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கும் நாட்டளவிலான பெரிய கூட்டு நிதிகள் தொடங்கின. பின்னர் சோமாலியா, தெற்கு சூடான், ஏமன், சிரியா, ஆப்கானிஸ்தான், உக்ரைன் என்று பட்டியல் நீண்டது. செர்ஃபுக்கும் இவற்றுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. செர்ஃப் பணம் ஐ.நா. அமைப்புகளுக்கு மட்டுமே போகும். இதற்கு விதிவிலக்குகள் மிகக் குறைவு. நாட்டளவிலான நிதியிலிருந்து வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும், அந்த நாட்டுக்குள்ளேயே இயங்கும் உள்ளூர் அமைப்புகளும் நேரடியாகப் பணம் பெறலாம். இனி இந்தக் கட்டுரை பேசப்போவது அந்த நாட்டளவு நிதிகளைப் பற்றித்தான்.

பணம் இறங்கும் பாதை

ஒவ்வொரு நாட்டு நிதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் உண்டு: அந்த நாட்டில் ஐ.நா. நியமித்திருக்கும் மனிதாபிமான ஒருங்கிணைப்பாளர். எந்த விண்ணப்பத்துக்கும் கடைசிக் கையெழுத்து அவருடையது. கணக்கு, விண்ணப்பம், தணிக்கை ஆகியவற்றை ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான 'ஓச்சா' பார்த்துக்கொள்ளும். ஒருங்கிணைப்பாளருக்கு யோசனை சொல்ல ஒரு குழு இருக்கும். பணம் போட்ட நாடுகள், ஐ.நா. அமைப்புகள், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள், உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் ஆகிய நான்கு தரப்பும் அதில் உட்காரும். பணம் கொடுத்த நாட்டுக்கு அங்கே பேச இடமுண்டு. ஆனால் 'என் பணம் இங்கேதான் போக வேண்டும்' என்று கட்டளையிட முடியாது.

ஒதுக்கீடு இரண்டு வகை. ஆண்டுக்கு ஓரிரு முறை வழக்கமான ஒதுக்கீடு நடக்கும். இதற்கு முதலில் ஒரு முன்னுரிமை அறிக்கை வெளிவரும். 'இம்முறை கெடாரிஃப் மாநிலத்தில் காலராத் தடுப்புக்கும், வெள்ளை நைல் முகாம்களில் குடிநீருக்கும் பணம்' என்பது போல இருக்கும் அது. அமைப்புகள் அதற்குப் பொருந்த விண்ணப்பிக்கும். நீர், சுகாதாரம், உணவு, இருப்பிடம் என்று ஒவ்வொரு துறைக்கும் அத்துறையில் வேலை செய்பவர்கள் கூடும் குழு ஒன்று உண்டு, 'கிளஸ்டர்' என்பார்கள். விண்ணப்பத்தை அலசிப் புள்ளி போடுவது அந்தக் குழுதான். இரண்டாவது வகை, கையிருப்பு ஒதுக்கீடு. ஒரு நகரம் விழுந்து இரண்டே நாளில் ஐம்பதாயிரம் பேர் ஓடிவந்தால், நீண்ட சுற்றெல்லாம் இல்லாமல் கொடுப்பதற்காக வைத்திருக்கும் பணம் அது.

விண்ணப்பிப்பதற்கே முதலில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டும். கசாலா நகரில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு உள்ளூர் அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், முந்தைய ஆண்டுகளின் தணிக்கை அறிக்கை வேண்டும். கொள்முதல் விதிகள், பாலியல் சுரண்டலைத் தடுக்கும் ஏற்பாடு, நிர்வாகக் குழுவினரின் பெயர்கள் எல்லாம் எழுத்தில் வேண்டும். பெயர்களைப் பயங்கரவாதத் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதெல்லாம் தேறினால் அந்த அமைப்புக்கு இடர் அளவு ஒன்று குறிக்கப்படும்: குறைவு, நடுத்தரம், அதிகம். அதிகம் என்று குறிக்கப்பட்ட அமைப்புக்கு ஒரே நேரத்தில் பெரிய தொகை கிடையாது. தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. இடையில் திடீர்க் கணக்குச் சோதனை, களப் பார்வை, முடிவில் வெளித் தணிக்கை.

இதற்கு மாற்றான பாதையையும் பார்க்க வேண்டும். கூட்டு நிதி இல்லாத இடத்தில் பணம் பெரிய ஐ.நா. அமைப்புக்குப் போய், அது ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தை அமர்த்தி, அந்த நிறுவனம் ஒரு உள்ளூர் அமைப்பை அமர்த்தும். ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவுக்கென்று வழக்கமாக 7 விழுக்காடு வரை கழியும். குண்டு விழும் ஊருக்குள் போய் அரிசி கொடுக்கிறவர் கடைசிப் படியில் இருப்பார். அலுவலக வாடகைக்கும் வண்டி காப்பீட்டுக்கும் பணமில்லாதவரும் பெரும்பாலும் அவர்தான். கூட்டு நிதி அந்தப் படிகளில் ஒன்றிரண்டைக் குறைக்கிறது. உள்ளூர் அமைப்புக்கும் அந்த நிர்வாகப் பங்கு நேரே கிடைக்கிறது.

2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில், பெரிய கொடையாளர்களும் அமைப்புகளும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2020-க்குள் நிவாரணப் பணத்தில் 25 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்பது என்று அதில் எழுதினார்கள். பொதுவாகப் பார்த்தால் நேரடியாகக் கொடுத்தது ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டவில்லை. நாட்டளவிலான கூட்டு நிதிகள் மட்டும் கால் பங்குக்கு மேலாகவே உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுத்துவருகின்றன. கூட்டு நிதியின் பக்கம் நிற்க எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

அஞ்சுவது எதற்கு

இத்தனை காகிதம் எதற்கு என்று கேட்கலாம். சோமாலியா அதற்கு ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதிலுக்கு இரண்டு முனைகள் உண்டு.

அல் ஷபாப் என்ற ஆயுத இயக்கத்தை அமெரிக்கா 2008-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. தெற்கு சோமாலியாவின் பெரும்பகுதி அந்த இயக்கத்தின் கையில் இருந்தது. அங்கே உணவு கொண்டுபோனால் வழியில் வரி வசூலிப்பார்கள். வரி கட்டினால் அது பயங்கரவாதத்துக்கு நிதி உதவி என்று வழக்கு வரலாம். கொடையாளர்கள் பின்வாங்கினார்கள். மிரட்டலும் நிபந்தனைகளும் தாங்காமல் உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியில் தெற்கிலிருந்து வெளியேறியது. மழை பொய்த்தது. 2011 ஜூலை 20-இல் ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருப்பார்கள் என்று பின்னாளில் கணித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். கணக்குக்கு அஞ்சி உதவியை நிறுத்தினால் என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பது ஒரு முனை.

மறுமுனை இது. அதே சோமாலியாவின் கூட்டு நிதியிலிருந்து பணம் பெற்ற சில உள்ளூர் அமைப்புகள் போலி ரசீதுகளைக் காட்டியதை ஐ.நா.வின் தணிக்கைகளே பிறகு கண்டுபிடித்தன. தோண்டாத கிணற்றுக்கும் பில் வரக்கூடிய நாடு அது. போய்ப் பார்க்க முயன்றால் உயிர் போகக்கூடிய நாடும் அதுதான். இன்று எல்லா நாட்டு நிதிகளிலும் இருக்கும் இடர் அளவு, தவணை, திடீர்ச் சோதனை எல்லாம் பெரும்பாலும் அந்த அனுபவத்துக்குப் பின் இறுகியவை. தடைச் சட்டங்களின் பக்கமும் ஓரளவு நெகிழ்வு வந்தது. 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2664-ஆம் தீர்மானம், ஐ.நா.வின் சொத்து முடக்கத் தடைகள் மனிதாபிமான உதவியைத் தடுக்காது என்று விலக்கு அளித்தது. சோமாலியப் பஞ்சத்துக்கு அது பதினொரு ஆண்டு தாமதம்.

கையெழுத்துத் தகராறு

கூட்டு நிதியில் பணத்தைவிடக் கடினமானது, யார் கட்டுப்பாட்டில் அது இருக்கும் என்ற கேள்வி. இதற்குத் தமிழர்கள் நேரில் கண்ட எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடக்குக் கிழக்கு உதவிக்காக அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24-இல் ஒரு பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வெளிநாட்டு உதவிக்கென வட்டாரக் கூட்டு நிதி ஒன்று அமையும். உலக வங்கி அதன் காப்பாளர். செலவை முடிவு செய்யும் வட்டாரக் குழுவில் புலிகளுக்கு ஐந்து இடம், முஸ்லிம்களுக்கு மூன்று, அரசுக்கு இரண்டு. குழுவின் அலுவலகம் கிளிநொச்சியில். உடன்பாடு வருகிறது என்றதுமே ஜே.வி.பி. ஆட்சிக் கூட்டணியை விட்டு விலகியது. முஸ்லிம் கட்சிகள், தங்களைக் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்க்கவில்லை என்று குமுறின. ஜூலை 15-இல் உச்ச நீதிமன்றம், வட்டார நிதி உள்ளிட்ட முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஏற்பாடு பிறகு எழவே இல்லை.

பணம் இல்லாததால் அது நின்றுபோகவில்லை. போரிடும் இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒதுக்கீடு செய்வது, ஒரு தரப்பின் ஆட்சியுரிமையை மற்றத் தரப்பு ஒப்புக்கொள்வதாகிவிடும் என்ற அச்சம்தான் நிறுத்தியது. ஐ.நா.வின் நாட்டளவு நிதிகள் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டப் பார்க்கின்றன. அரசையும் மேசையில் உட்கார வைப்பதில்லை, கிளர்ச்சியாளர்களையும் வைப்பதில்லை. கையெழுத்து ஐ.நா. அதிகாரியுடையது.

அப்படியானால் அரசின் பிடியிலிருந்து தப்பிவிட்டதா? இல்லை. ஒருங்கிணைப்பாளருக்கு விசா தருவது அரசு. லாரிக்கு வழிச்சீட்டுத் தருவதும் அரசு. சூடானில் ஐ.நா. அங்கீகரிக்கும் அரசு, ராணுவத்தின் கையில் இருக்கும் அரசு. டார்ஃபூரின் பெரும்பகுதியோ எதிர்த்தரப்பான துரித ஆதரவுப் படையின் கையில். சாட் நாட்டிலிருந்து டார்ஃபூருக்குள் நுழையும் அட்ரே எல்லைவாயிலை 2024 பிப்ரவரியில் ராணுவ அரசு மூடியது. ஆகஸ்டில்தான் திறக்கச் சம்மதித்தது. இடைப்பட்ட மாதங்களில் ஐ.நா. லாரிகளால் அந்த வழியே போக முடியவில்லை. அதே ஆகஸ்ட் முதல் நாளில்தான் எல் ஃபாஷர் நகரை ஒட்டிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. கணக்கில் பணம் இருப்பதும் பானையில் சோறு இருப்பதும் வேறு வேறு.

சிரியாவில் இதற்கென்றே தனி வழி கண்டார்கள். 2014 ஜூலையில் பாதுகாப்புச் சபையின் 2165-ஆம் தீர்மானம், டமாஸ்கஸ் அரசின் சம்மதமில்லாமலே துருக்கி எல்லை வழியாக உதவி போகலாம் என்றது. காசியன்டெப் நகரிலிருந்து இயங்கிய எல்லைதாண்டிய கூட்டு நிதி, உலகின் பெரிய நாட்டளவு நிதிகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் அந்த அனுமதி ஒவ்வொரு முறையும் ரஷ்யாவின் வீட்டோவுக்குக் கீழே ஊசலாடியது. எந்நேரமும் நின்றுபோகலாம் என்ற நிலையில், ஐ.நா.வுக்கு வெளியே வடக்குச் சிரியாவுக்கென்று இன்னொரு கூட்டு நிதியைச் சில மேற்கு நாடுகள் 2022-இல் அமைத்தன.

வாயிலுக்கு வெளியே நிற்பவர்கள்

மீண்டும் சூடானுக்கு. 2023 ஏப்ரல் 15-இல் கார்ட்டூம் நகரில் போர் வெடித்தபோது வெளிநாட்டு நிறுவனங்களின் ஆட்கள் சில நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். நகரில் மிஞ்சிய மக்களைக் காப்பாற்றியது, அந்தந்தத் தெருவில் இளைஞர்கள் தொடங்கிய 'அவசரகால அறைகள்'. 2018, 2019 மக்கள் எழுச்சியில் உருவான தெருக்குழுக்களின் தொடர்ச்சி அவை. ஊர் கூடி ஒருவருக்கு வேலை செய்து கொடுக்கும் 'நஃபீர்' என்ற பழைய வழக்கமும் அவற்றுக்குப் பின்னால் உண்டு. காயமடைந்தவரைத் தூக்கிப்போவது, மருந்து தேடுவது, தண்ணீர்க் குழாயைச் சரி செய்வது என்று எல்லாம் செய்தார்கள். முக்கியமாகச் சமைத்தார்கள். சூஃபி மடங்களின் அன்னதான மரபிலிருந்து 'தகாயா' என்று பேர் வாங்கிய பொதுச் சமையற்கூடங்கள் தெருவுக்குத் தெரு எழுந்தன. பருப்பு, அவரை, சோளம், கிடைத்தால் ரொட்டி.

பணம் எப்படி வந்தது? வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் சூடானியர்கள் பேங்க் ஆஃப் கார்ட்டூமின் 'பேங்கக்' செயலி வழியாக அனுப்பினார்கள். வாங்கியவர் அதைக் கொண்டு கடைக்காரருக்கு நேரே பணம் மாற்றிப் பருப்பு வாங்கினார். 2024 பிப்ரவரியில் நாடு முழுவதும் இணையம் அறுந்தபோது செயலி நின்றது. கூடவே நூற்றுக்கணக்கான அடுப்புகளும் நின்றன.

இந்த அறைகளுக்குச் சூடான் மனிதாபிமான நிதியிலிருந்து நேரே பணம் கொடுக்கலாமே என்றுதான் எவருக்கும் தோன்றும். மேலே சொன்ன வாயிலை நினைத்துப் பாருங்கள். இவை எங்கும் பதிவு செய்யப்படாதவை. சூடானில் தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்யும் ஆணையம் அரசுடையது; எழுச்சிக் காலத்துத் தெருக்குழுக்களை அந்த ஆணையம் நம்புவதில்லை, அவர்களும் ஆணையத்தை நம்புவதில்லை. தலைவர் பெயரை எழுதிக் கொடுத்தால் நாளை அந்தப் பட்டியல் எந்தத் தரப்பின் கையில் சிக்கும் என்று தெரியாது. இரு தரப்பும் தன்னார்வலர்களை எதிரியின் ஆள் என்று பிடித்துப்போய் அடைத்ததும் கொன்றதும் உண்டு. வங்கிக் கணக்கோ யாரோ ஒரு தன்னார்வலரின் சொந்தக் கணக்கு.

ஆகவே ஒரு நடுவழி கண்டார்கள். பதிவு பெற்ற ஒரு நிறுவனம் கூட்டு நிதியிடம் பணம் வாங்கி, தணிக்கைப் பொறுப்பைத் தான் சுமந்து, சிறுசிறு தொகைகளாக அறைகளுக்குக் கொடுக்கும். அறைகளும் தங்களுக்குள் ஒருங்கிணைப்புக் குழு அமைத்து, எளிய படிவங்களில் கணக்குக் கொடுக்கத் தொடங்கின. இது வேலை செய்தது. ஆனால் சிறிய அளவில்தான். இந்த அறைகளுக்கு 2025-இல் நார்வேயின் ராஃப்டோ மனித உரிமைப் பரிசு கிடைத்தது. பரிசு கொடுக்கும் வேகத்தில் பணம் கொடுக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சமையற்கூடங்களுக்கு இடைநிலை நிறுவனங்கள் வழியே வந்த வெளிநாட்டுப் பணத்தில் கணிசமான பகுதி அமெரிக்காவுடையது. 2025 ஜனவரியில் புதிய அதிபர் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும், சில வாரங்களில் பெரும்பாலான அடுப்புகள் அணைந்தன. ஒரே கொடையாளரைச் சார்ந்திருப்பதன் ஆபத்து இது. பல நாடுகள் சேர்ந்து போடும் கூட்டு நிதி இதற்குக் காப்பாக இருக்க வேண்டும். ஆனால் அதன் அளவைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டுக்கு உலக நிவாரணத்துக்கென ஐ.நா. கேட்டது ஏறக்குறைய 4,700 கோடி டாலர். நாட்டளவு நிதிகள் எல்லாம் சேர்ந்து நல்ல ஆண்டுகளில் திரட்டியதோ 100 கோடியைச் சற்றுத் தாண்டும். அதிலும் பெரும்பங்கு ஜெர்மனி, பிரிட்டன், நெதர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஜெர்மனியும் வெட்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் ஐ.நா. தன் கோரிக்கையையே 2,900 கோடியாகச் சுருக்கிக்கொண்டது. தேவை குறைந்ததால் செய்த சுருக்கமல்ல. வராத பணத்தைக் கேட்டுப் பயனில்லை என்பதால் செய்தது.

200 கோடியும் நிபந்தனையும்

இந்த நேரத்தில்தான் எதிர்பாராத திசையிலிருந்து பணம் வந்தது. உலகின் மிகப் பெரிய நிவாரணக் கொடையாளராகப் பல ஆண்டுகள் இருந்த அமெரிக்கா, நாட்டளவு நிதிகளில் மட்டும் அதிகம் போட்டதில்லை, பெரிய ஐ.நா. அமைப்புகளோடு தனி ஒப்பந்தம் போடுவதே அதன் பாணி. 2025 டிசம்பர் கடைசியில் அது பாணியை மாற்றியது. ஓச்சா நடத்தும் கூட்டு நிதிகள் வழியாக 17 நாடுகளுக்கென்று 200 கோடி டாலர் தருவதாக ஜெனீவாவில் அறிவித்தது. வங்கதேசம், காங்கோ, ஹைதி, சிரியா, உக்ரைன் எல்லாம் பட்டியலில் உண்டு. இரட்டை வேலையைக் குறைத்துத் தங்களைச் சுருக்கிக்கொள்ளாத ஐ.நா. அமைப்புகளுக்கு எதிர்காலமில்லை என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. முன்பு கொடுத்துவந்ததில் இது ஒரு சிறு பகுதி என்றாலும், ஓச்சாவின் தலைவர் டாம் ஃபிளெட்சர் இதை மனமார வரவேற்றார். நிவாரணப் பணத்தில் கூடுதல் பங்கு கூட்டு நிதிகள் வழியே போக வேண்டும் என்று அவரும் அந்த ஆண்டு முழுவதும் சொல்லிவந்தவர்தான்.

எனக்கு இதில் பாதி மகிழ்ச்சிதான். ஆண்டுக்கு 100 கோடி வரும் இடத்தில் ஒரே நாடு அதைப்போல் இரு மடங்கு போட்டால், யோசனைக் குழுவில் அந்த நாட்டுப் பிரதிநிதி இருமினால்கூட மற்றவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்பார்கள். எந்தெந்த நாடு என்பதை ஏற்கெனவே வாஷிங்டன் தீர்மானித்துவிட்டது. நாட்டுக்குள் எங்கே, எதற்கு என்பதிலாவது ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து சுதந்திரமாக இருக்குமா என்பது, ஒவ்வொரு நாட்டிலும் வெளிவரும் முன்னுரிமை அறிக்கையை வரி வரியாகப் படித்தால்தான் தெரியும்.

பட்டியலில் விடுபட்ட பெயர்களில் ஒன்று ஆப்கானிஸ்தான். அங்கே 2014 முதல் ஒரு கூட்டு நிதி இருக்கிறது. 2021-இல் தாலிபான் காபூலைப் பிடித்து வங்கிகள் முடங்கியபோது, உதவிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுசெல்ல ஹவாலாக்காரர்களை நாட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. பெண்கள் இல்லாமல் பெண்களுக்கு உதவியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று அமைப்புகள் மாகாணம் மாகாணமாகப் பேரம் பேசின. அந்த நிதிக்கு இனி பணம் போடப்போவது, தங்கள் வரவு செலவில் வெட்டு விழுந்திருக்கும் அதே ஐரோப்பிய அரசுகள்தான்.